சம்பந்தியின் வெள்ளை விமானம்

சாவ் ஜோர்ஜ் தீவு
8 பிப்ரவரி 1988

சம்பந்தி ஒனோஃப்ரெவுக்கு லிதுவீனு எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. கேட்கப்போவதில்லை. நீர் நலமாகத்தான் இருப்பீர். அடுத்தவன் கூரையில் கொள்ளி வைத்தவன் எப்போதும் நலமாகத்தான் இருப்பான்.

தெர்சைரா தீவுக்குப் போய் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கட்டைப் பிரித்ததும் டாக்டர், "இனிமே உலகமே புதுசா தெரியும் பாருங்க, பெரியவரே" என்றார். சரி, புதுக் கண்ணால் முதலில் கும்பிட வேண்டியதைக் கும்பிடுவோம் என்று, படகை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நம் கடற்கரைக் கோயிலுக்குப் போனேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். தலையைத் தூக்கி என் நேர்த்திக்கடன் படத்தைப் பார்த்தேன்.

விமானம் மழையில் நனைந்த எலி நிறத்தில் இருந்தது.

டாக்டர் கண்ணைக் கெடுத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். எலி. இடதை மூடிக்கொண்டு வலதால் பார்த்தேன். இன்னும் தெளிவான எலி. மாதாவின் முக்காடு பழைய நீலம்தான். அலை பழைய பச்சைதான். படகில் நாங்கள் நான்கு பேரும் முன்பு போலவே கை ஆட்டிக்கொண்டிருந்தோம். விமானம் மட்டும் நிறம் மாறிவிட்டது.

வெளியே வந்தேன். கோயில் கதவு அதே நிறம். கம்பி அழி அதே நிறம். கோயில்பிள்ளை திபூர்சியுவின் ஆட்டுக் கொட்டகை அதே நிறம். அவனுடைய ஆடு ஒரு பக்கம் மட்டும் அதே நிறம். ஈரம் காயுமுன் கொட்டகையில் சாய்ந்திருக்கிறது.

"என்னடா இது?" என்றேன்.

"உங்க சம்பந்தி அனுப்பிச்ச பெயின்ட்டு மாமா. சாமியாருக்குக் கடுதாசி போட்டிருந்தாரு. விமானத்துக்கு இதான் சரியான நிறமாம். டின்னு பெருசு. மிச்சத்த என்ன பண்றது?"

மணிக்கயிற்றுக்குப் பின்னால் காலி டின் கிடந்தது. மேலே உம் கடைச் சீட்டு: ஒனோஃப்ரெ பெயின்ட் கடை, மொன்டிஜு.

அந்தப் படம் எப்படி வந்தது என்று உமக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், உம் தலையில் வண்ண எண்களைத் தவிர வேறு எதுவும் தங்குவதில்லை. அந்தக் குளிர்காலம் எங்கள் சூரைமீன் படகின் இயந்திரம் நின்றுபோய், நாள் கணக்கு மறக்கும்வரை மிதந்தோம். தண்ணீர் தீர்ந்தது. நான் மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அடுத்த காலை கடல் ரோந்து விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து, கப்பல் ஒன்று எங்களைத் தேடி வரும்வரை எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளை விமானம். தூய ஆவி புறாவாக இறங்கியது என்று கோயிலில் படித்திருக்கிறேன், அன்று பார்த்தேன். கரைக்கு வந்து அப்படியே வரையச் சொன்னேன். அதைத்தான் நீர் எலியாக்கிவிட்டீர்.

பதில் எழுதும். தொலைபேசியில் கூப்பிடாதீர். உம் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன்.

லிதுவீனு


மொன்டிஜு
19 பிப்ரவரி 1988

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதம் வந்தபோது கடையில் ஆள் இருந்தது. வாய் அசையாமல் படித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. உங்கள் கடிதம் தானாகவே சத்தம் போடுகிறது. உள்ளேயிருந்து எர்மீனியா, "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

"யாரும் சாகல. தீவுல ஒரு விமானத்துக்கு நிறம் மாறிடுச்சாம்."

"மாத்துனது யாரு? நீங்கதானே?"

இந்த வீட்டில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

சம்பந்தி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று அந்தப் படத்தை முதல்முறை பார்த்தேன். விருந்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "சம்பந்தி, அந்த விமானத்துக்கு நிறம் தப்பு, திருத்திடலாமா?" என்று கேட்டேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நன்றாக நினைவிருக்கிறது, மேலும் கீழுமாக ஆட்டினீர்கள். அதை நம்பித்தான் சாமியாருக்கு எழுதினேன். சின்ன டின் அனுப்பினால் தபாலுக்கே அவமானம் என்று பெரிய டின்னாக அனுப்பினேன். மனிதன் தாராளமாக இருப்பது ஒரு குற்றமா? கதவும் கொட்டகையும் ஆடும் என் திட்டத்தில் இல்லை.

இனி உண்மைக்கு வருவோம். அந்த நெப்டியூன் விமானங்கள் டச்சுக்காரர்களிடமிருந்து நம்மிடம் வந்தபோது கருநீலம். கருத்த கத்தரிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நம் ஆட்கள் கடல் சாம்பல் அடித்தார்கள். கடைசியில், வெப்ப நாடுகளில் உள்ளே இருப்பவன் வெந்துபோகிறான் என்று முதுகில் மட்டும் வெள்ளை வந்தது. இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. நீங்கள் மிதந்த குளிர்காலம் சாம்பல் காலம். எண்களையும் எழுத்துகளையும் தவிர அதில் கைக்குட்டை அகலத்துக்குக்கூட வெள்ளை கிடையாது. ஏன் தெரியுமா? ரோந்து விமானம் யார் கண்ணிலும் படக்கூடாது. கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே பூசிய நிறம் அது.

இதை எனக்குப் புத்தகம் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் நான் தெர்சைரா விமானத் தளத்தில்தான் வேலையில் இருந்தேன். உங்களைக் கண்டுபிடித்த விமானத்தைக் கழுவியவனே நான்தான். பெண் பார்க்க நீங்கள் வந்த அன்று இதைச் சொன்னபோது கட்டிப்பிடித்து அழுதீர்கள். அன்றைக்கு என் வார்த்தை தங்கம், இன்றைக்கு எலியா?

இங்கே எல்லோரும் சுகம். எதிர்க் கடைக் கறிக்காரன் தன் மனைவிக்குத் தெரியாமல் கடைக்கு இளஞ்சிவப்பு அடிக்கச் சொல்லிவிட்டு இப்போது அம்மா வீட்டில் சாப்பிடுகிறான். பெந்தகோஸ்து ஞாயிறன்று நம் பேத்தி ஒத்தீலியாவுக்கு ஞானஸ்நானம், நான் ஞானத்தகப்பன் என்று சொல்லிச் சொல்லி இந்தத் தெருவில் பாதிப் பேர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்கள். கோட்டுத் தைக்கக் கொடுத்தாயிற்று. தையல்காரன் என் வயிற்றை அளந்துவிட்டு, "துணி பத்துமான்னு தெரியல" என்றான். சாம்பல் நிறக் கோட்டுதான். தயவுசெய்து அதில் உள்ளர்த்தம் தேடாதீர்கள்.

உங்கள்
ஒனோஃப்ரெ


சாவ் ஜோர்ஜ் தீவு
1 மார்ச் 1988

சம்பந்தி,

தலையாட்டியது உண்மை. வாயில் மாட்டிறைச்சி இருந்தது. எலும்பும் இருந்தது. அந்த நேரத்தில் நீர் என் படகைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

கண்ணில் படக்கூடாது என்று பூசிய நிறம் என்கிறீர். என் கண்ணில் பட்டதே, ஓய். அதனால்தான் அதற்கு அற்புதம் என்று பெயர். எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அதைப் பேருந்து என்று சொல்லியிருப்பேன்.

இங்கே நடப்பதைக் கேளும். போன ஞாயிறு பூசை முடிந்து ஃபெலிஸ்பீனா கிழவி படத்தின் முன்னால் நின்று, "மாதா தலைக்கு மேல இந்தச் சவப்பெட்டி எதுக்குப் பறக்குது?" என்று சாமியாரையே கேட்டாள். சாமியார் என்ன சொல்வார்? "கதவு நல்லா வந்திருக்கு பாத்தீங்களா?" என்று பேச்சை மாற்றினார். இலவச பெயின்ட்டைக் கண்டால் அந்த மனிதர் திருச்சபையையே விற்றுவிடுவார்.

அன்று படகில் இருந்த நால்வரில் இருவர் கனடாவில். என் தம்பி கௌதென்சியு கல்லறையில். நான் இங்கே. கௌதென்சியு நடக்க முடியாமல் கிடந்த கடைசி மாதம், நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் படத்தின் முன்னால் வைக்கச் சொன்னான். வைத்தோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளையா வந்துச்சுல்ல அண்ணே" என்றான். "ஆமாடா" என்றேன். அவ்வளவுதான் பேசினான். இப்போது அந்தச் சுவரில் என் தம்பியைப் பொய்யன் என்று எழுதி ஒட்டியிருக்கிறது, உம் கடைச் சீட்டோடு.

ஆகவே முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த விமானம் வெள்ளையாகும்வரை நான் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்கமாட்டேன். வெளியே படியில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூசை கேட்கிறேன். பெந்தகோஸ்து அன்றும் அங்கேதான் இருப்பேன். ஞானத்தகப்பனாகக் கனடாவிலிருந்து என் மைத்துனன் பெல்மீரு வருகிறான். அவனுக்கு இரண்டு தங்கப் பல் இருக்கிறது. விமானத்தைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது.

உம் கோட்டை வேறு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும்.

லிதுவீனு


மொன்டிஜு
10 மார்ச் 1988

சம்பந்தி, சம்பந்தி,

பெல்மீருவா? கல்யாணத்தில் பாதிரியார் பேசும்போது குறட்டை விட்டாரே, அந்த பெல்மீருவா? குழந்தையைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? அப்போது எந்த விமானம் வந்து தேடும்?

உங்கள் தம்பி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்... என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. எர்மீனியா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. தட்டை மட்டும் மேசையில் வைக்கிறாள், அதுவும் சத்தமாக.

கிராசியெத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பெற்ற மகள், அப்பா பக்கம் ஒரு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா, எனக்கு இங்க மூணு குழந்தைங்க" என்றாள். "ஒண்ணு தொட்டில்ல இருக்கு. ஒண்ணு கோயில் வாசல்ல உக்காந்துகிட்டு உள்ள வரமாட்டேங்குது. மூணாவது மொன்டிஜுல பெயின்ட் கடை வச்சிருக்கு."

"அம்மாடி, அந்த விமானம் சாம்பல்தான்மா. நான் கழுவுனவன்."

"இருக்கட்டும்பா. அவரு கண்டது அவருக்கு. நீங்க யாரு அவரு சாமிக்கு நிறம் சொல்ல? மாமா உள்ள வராம என் பொண்ணுக்கு ஞானஸ்நானம் கிடையாது. நீங்க கிளப்புனது, நீங்களே இறக்குங்க."

"மாப்பிள்ளை எவரிஸ்து என்ன சொல்றாரு?"

"அவரு திபூர்சியு ஆட்டக் கழுவிட்டிருக்காரு."

ஆக, நான் இறங்கி வருகிறேன். ஆனால் மண்டியிட்டு அல்ல, கொஞ்சம் குனிந்து. மூன்று யோசனைகள் இருந்தன. இரண்டை எர்மீனியா கேட்டதும் தட்டுச் சத்தம் அதிகமானது, ஆகவே ஒன்றைத்தான் எழுதுகிறேன். திபூர்சியு விமானத்துக்கு மறுபடி வெள்ளை அடிக்கட்டும். பெயின்ட் என் செலவு. பதிலுக்குப் படத்தின் கீழே சின்ன எழுத்தில், பக்கத்தில் போனால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு வரி: 'வரைந்தவரின் பக்தி மிகுதியால் வண்ணத்தில் சிறு மாறுதல் உண்டு.' யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. உண்மையும் பிழைக்கும், உங்கள் புறாவும் பிழைக்கும்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று கேட்பீர்கள். வாழ்க்கையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. கணக்குத் தெரியாது. அரசியல் பேசினால் அடி விழும். மனைவி என்ன நினைக்கிறாள் என்று கல்யாணமான நாளிலிருந்து தெரியாது. ஆனால் அந்த விமானத்தைத் தெரியும். விமானம் இறங்கியதும் கழுவ வேண்டும், அது சட்டம். கடல் மேல் போன விமானத்தைக் கழுவாமல் யாரும் சாப்பிட உட்காரக்கூடாது. மழையோ பனியோ, குழாயையும் நீளப் பிடி போட்ட தூரிகையையும் எடுத்துக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரை, வயிறு, இறக்கை, இறக்கையின் அடி, ஒவ்வொரு முறையும் கழுவியிருக்கிறேன். என் இடுப்பு இன்றைக்கும் அந்த விமானத்தை நினைத்துத்தான் வலிக்கிறது. கழுவி முடித்து நிமிர்ந்து பார்த்தால் சாம்பல். சுத்தமான, ஈரமான கடல் சாம்பல். எத்தனையோ முறை கழுவியவனிடம், ஒரே ஒரு முறை கீழேயிருந்து பார்த்தவர் நிறம் சொல்லித்தந்தால் எரிச்சல் வருமா வராதா?

வண்ண அட்டை இணைத்திருக்கிறேன். சரியான சாம்பலைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன். பார்த்துவிட்டுக் கிழித்துப்போடலாம். கிழிக்கும் முன் பார்க்கவும்.

ஒனோஃப்ரெ


சாவ் ஜோர்ஜ் தீவு
22 மார்ச் 1988

சம்பந்தி,

வண்ண அட்டையைப் பாப்பா தின்றுவிட்டாள். நீர் வட்டமிட்ட பக்கத்தைத்தான் முதலில் தின்றாள்.

உம் சின்ன எழுத்து வரிக்குப் பதில்: மாட்டேன். பக்திக்கு அடிக்குறிப்பு எழுதின ஊர் எங்கும் இல்லை.

அன்று என்ன பார்த்தேன் என்று உமக்கு முழுதாகச் சொன்னதில்லை. சொல்கிறேன். இரவெல்லாம் அடித்த காற்று விடிந்தும் அடங்கவில்லை. அலையின் உச்சியைக் காற்று சீவிச் சீவி எறிந்துகொண்டிருந்தது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் இடைவெளியே தெரியவில்லை, ஒரே தூறல். அதற்குள்ளிருந்து அது வந்தது. எவ்வளவு தாழ வந்தது என்றால், அலை எழும்பினால் அது மறைந்தது. எங்கள் மேல் சாய்ந்து திரும்பியபோது வயிறு முழுதும் தெரிந்தது. வெள்ளை. பளபளப்பு இல்லாத வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. விமானத்தின் எண்களைக்கூடப் படிக்க முடியவில்லை. மேகத்துக்குள் போகும், திரும்ப வரும். அந்த வெள்ளை திரும்ப வரும்போதெல்லாம் கௌதென்சியு ஒரு குழந்தை மாதிரிச் சத்தம் போட்டான். நால்வருக்கும் ஒரே நேரத்தில் கண் கெட்டுவிடாது, ஓய்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. படித்தவன் மாதிரி மழுப்பாமல் பதில் எழுதும்.

நான் படகைக் கழுவுகிறேன்; மீன் செதில் ஒட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரி நத்திவிதாத் தட்டைக் கழுவுகிறாள், சாப்பிட்டிருக்கிறோம். எவரிஸ்து ஆட்டைக் கழுவுகிறான், நீர் இருக்கிறீர்.

விமானம் கடலுக்குப் போய்விட்டு வந்ததும், பசியோடு நின்று, இடுப்பு ஒடிய ஒவ்வொரு முறையும் கழுவினேன் என்கிறீரே. எதைக் கழுவினீர்?

லிதுவீனு


மொன்டிஜு
7 ஏப்ரல் 1988

அன்புள்ள சம்பந்தி,

தாமதத்துக்குப் புனித வாரத்தைக் காரணம் சொல்லலாம் என்று இருந்தேன். ஈஸ்டரும் முடிந்துவிட்டது. இனி சாக்கு இல்லை.

உப்பு.

எழுதிவிட்டேன். இந்த ஒரு சொல்லை எழுத எத்தனை தாள் கிழித்தேன் என்று எர்மீனியாவைக் கேளுங்கள். கடையில் வாடிக்கையாளர்களோடு சண்டை. மஞ்சள் கேட்டவனுக்குப் பச்சை கொடுத்து, "இதுதான் மஞ்சள்" என்று அடித்துப் பேசியிருக்கிறேன்.

தாழப் பறக்கிற விமானத்தின் மேல் கடல் தெறித்துக் காயும். நல்ல நாளில் ஒரு மூடுபனி அளவுக்கு ஒட்டும். விட்டுவைத்தால் உலோகத்தைத் தின்றுவிடும். அதற்காகத்தான் கழுவும் சட்டம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை ஒருவன் எவ்வளவு காலம் தெரியாமலே வைத்திருக்கலாம் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அன்றைய விமானம் எனக்கு நினைவில் இல்லை என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளையும் கிழித்தேன். நினைவிருக்கிறது. மதிய சாப்பாட்டு வேளைக்கு இறங்கியது. பொரிப்பதற்கு முன்னால் மாவில் புரட்டிய மீன் மாதிரி இருந்தது, சம்பந்தி. மூக்கு, வயிறு, இறக்கையின் அடி, எங்கும். இயந்திரங்களின் சூட்டில் வெந்து இறுகி, தட்டினால் ஓடு ஓடாக விழுந்தது. உள்ளேயிருந்து இறங்கியவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவன் என்னிடம், "நாலு பேருடா! கையாட்டுனானுங்க! கப்பல் ஏத்திருச்சு!" என்று கத்திவிட்டுச் சாப்பிடப் போனான். நான் போக முடியாது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான்கு பேர் பிழைத்தார்கள் என்றா? இல்லை. என் சூப் ஆறிப்போகிறது, இந்தச் சனியனை இன்றைக்கு இரண்டு முறை தேய்க்க வேண்டுமே என்று.

வயிற்றுக்குக் கீழே நின்று, எரிச்சலில், அந்த உப்பின் மேல் விரலால் என் பெயரை எழுதினேன். ஒ-னோ-ஃப்ரெ. எழுதும் அளவுக்குக் கனமாக இருந்தது. பிறகு குழாயைத் திறந்தேன்.

கௌதென்சியு பார்த்த வெள்ளை, நீங்கள் பார்த்த வெள்ளை, என் பூட்ஸ் வழியாக ஓடிச் சாக்கடையில் இறங்கியது. அடியில் சாம்பல் வந்தது. அந்தச் சாம்பலை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடியில் இருந்தது சாம்பல்தான். கடல் சாம்பல். பூசிய நிறம் அது. நீங்கள் பார்த்தது வந்த நிறம். இரண்டையும் ஒரே விமானத்தில் ஒரே நாளில் பார்க்க ஒருவனுக்குத்தான் கொடுத்துவைத்திருந்தது. அவனோ சூப்பை நினைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளை டின் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். சின்ன டின். அதிலும் கஷ்டம். கடையில் இருந்த வெள்ளைகளையெல்லாம் மேசையில் திறந்து வைத்துக்கொண்டு எது சரி என்று முழித்தேன். ஒன்று நீலம் கலந்த வெள்ளை, ஒன்று பால், ஒன்று ஆஸ்பத்திரி. எர்மீனியா வந்து பார்த்தாள். பேசாமல் போய்ச் சமையலறை உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதப் பாத்துக் கலக்குங்க" என்றாள். தட்டு வைத்த சத்தத்துக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை.

பார்த்துத்தான் கலக்கியிருக்கிறேன்.

ஞானத்தகப்பன் விஷயத்தை நான் எடுக்கமாட்டேன். பெல்மீருவே இருக்கட்டும். தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் உள்ளே வந்து உட்காருங்கள். எனக்கு இடம் வேண்டுமென்றால் படியில் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து சூடேற்றிய இடம்.

ஒனோஃப்ரெ


சாவ் ஜோர்ஜ் தீவு
28 ஏப்ரல் 1988

சம்பந்தி,

டின் வந்தது. திறந்து விரலில் தொட்டுப் பார்த்தேன். சரி. அதுதான்.

உம் கடிதத்தை நத்திவிதாத்துக்குப் படித்துக் காட்டினேன். சூப் வந்த இடத்தில் சிரித்தாள், அப்புறம் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினாள். எனக்கும் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பசித்தவன் பசியைத்தான் நினைப்பான். படகில் நான் மாதாவிடம் நேர்ந்துகொண்டபோதுகூடப் பாதி நேரம் வறுத்த வெங்காயம்தான் நினைவில் இருந்தது. இதை வெளியே சொல்லாதீர்.

கல்லறைக்குப் போய் கௌதென்சியுவிடம் விஷயத்தைச் சொன்னேன். "உப்புடா தம்பி" என்றேன். அவ்வளவுதான் சொல்ல இருந்தது.

நேற்று திபூர்சியு வேலையை முடித்தான். நான் வாசற்படியில் நின்றே பார்த்துக்கொண்டேன்; அவனை நம்ப முடியாது. வெள்ளை முழுக்க அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூக்கு, வயிறு, இறக்கை எல்லாம் வெள்ளை. வால் பக்கம் மட்டும் ஒரு கை அகலத்துக்கு உம் சாம்பலை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. பார்க்கிறவர்கள், "அங்க ஏன் அழுக்கா இருக்கு?" என்று கேட்கிறார்கள். "அது என் சம்பந்தியோட குழாய் பட்ட இடம்" என்று சொல்கிறேன்.

ஃபெலிஸ்பீனா கிழவி விடவில்லை. "சம்பந்தியா? எந்தச் சம்பந்தி? படத்துல அவரு எங்க?" என்றாள். நியாயமான கேள்வி. திபூர்சியு தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். அவனைச் சும்மா நிற்கவிட்டால் என்ன ஆகும் என்று உமக்குத் தெரியும். ஆகவே, நீர் கேட்காமலே, படத்தின் கீழ் மூலையில் உம்மையும் சேர்த்தாயிற்று. தொப்பி போட்டுக்கொண்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர். மூக்கு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. குறைக்கச் சொன்னேன். "அவரு மூக்கு அப்படித்தானே மாமா?" என்கிறான். குழாயை நல்ல சிவப்பில் போட்டிருக்கிறான், தூரத்திலிருந்தே தெரிகிறது. காலுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம். அது நான் சொல்லிப் போட்டது. ஆவி பறக்கிறது. சூடாகவே இருக்கட்டும்.

மிஞ்சிய வெள்ளையால் ஆட்டின் மறுபக்கத்தை அடித்துவிட்டான். எவரிஸ்து வேலைக்குப் போவதா ஆட்டைக் கழுவுவதா என்று கேட்கிறான்.

பெல்மீருவிடம் பேசிவிட்டேன். ஞானத்தகப்பன் இல்லை, விருந்தில் இறைச்சி வெட்டிப் பரிமாறும் பொறுப்பு என்றேன். முன்பைவிடச் சந்தோஷப்பட்டான். பெந்தகோஸ்து அன்று நான் உள்ளே முதல் வரிசையில் இருப்பேன். என் பக்கத்து இடம் உமக்கு. அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு வாரும். படியில் யாரும் உட்காரப்போவதில்லை. அங்கே ஆடு படுத்துக்கொள்கிறது.

விருந்தில் நான் தலையாட்டினால், வாயில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு நம்பும்.

லிதுவீனு


மொன்டிஜு
9 மே 1988

அன்புள்ள சம்பந்தி,

வருகிறோம். பனி மூடாமல் இருந்தால் பெந்தகோஸ்துக்கு முந்தின வெள்ளி மதியம் இறங்குவோம். மூடினால் தெர்சைராவில் உட்கார்ந்து, எர்மீனியாவின் வாயிலிருந்து என் குறைகளைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

கோட்டு தயார். துணி பத்தியது, மூச்சு விடத்தான் இடமில்லை. குழந்தைக்கு வெள்ளிச் சங்கிலி, நத்திவிதாத்துக்கு இங்கத்திய பன்றித் தொத்திறைச்சி, திபூர்சியுவுக்கு ஒன்றும் கிடையாது. அவன் கையில் இனி எந்த டின்னையும் கொடுப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்திருக்கிறேன்.

படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை எர்மீனியாவுக்குப் படித்துக் காட்டினேன். கிண்ணம் வந்த இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். பெயின்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஏதோ சொல்லணும்னு உங்க வாய் துடிக்குது" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"எழுதாதீங்க. சத்தியமா எழுதாதீங்க."

எழுதவில்லை. மூக்கைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. தொப்பி நான் போட்டதே கிடையாது, இருக்கட்டும். படம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

அந்தக் குழாய் பச்சை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள்
ஒனோஃப்ரெ